நெஞ்சு உலரும் வரை

தோக்தோசுன் குதிரையை விட்டு இறங்காமலே சாட்டைக் காம்பால் ஜன்னலைத் தட்டினார். சோனுன் அப்போது அடுப்புக்குள் ஆட்டுச்சாணி வறட்டியைத் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு முன்பு கணவாயில் பனி விழுந்ததிலிருந்து வைத்தியசாலையின் ஒற்றை அறை சூடேற மதியம் ஆகிவிடுகிறது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. தம்பிக்கு வயித்தாலயும் போகுது, வாயாலயும் வருது" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"காலையில டீ குடிச்சதுலேர்ந்து. ராத்திரி அவன் பொண்டாட்டி சமைச்ச கறி சேரல போல."

"நீங்களுந்தானே அந்தக் கறியைத் தின்னீங்க?"

"எனக்கென்ன, இரும்பு வயிறு."

சோனுன் தோல்பையை எடுத்தாள், மருந்து அலமாரியைத் திறந்து நாலைந்து டப்பாக்களை அள்ளிப் போட்டாள், மேஜைமேல் கிடந்த கைபேசியைக் கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டாள். தோக்தோசுனின் பார்வை கைபேசிமேல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்தது.

"வயித்துப்போக்குக்குக்கூட அதைப் பாக்கணுமா?"

"பாத்தா கெட்டா போயிரும்?"

சோனுன் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு படிப்பு உண்டு, ஃபெல்ட்ஷர் என்பார்கள். நரீன் நகரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் பிரசவம் முதல் பிணத்துக்குச் சான்றிதழ் வரை எல்லாம் அந்தப் படிப்புக்காரர் தலையில்தான். இருபத்துநாலு வருஷமாக அவள் அதைச் சுமக்கிறாள். போன வசந்தத்தில் வட்டாரத் தலைநகரில் மூன்று நாள் பயிற்சி வைத்து ஆளுக்கொரு கைபேசி கொடுத்து அனுப்பினார்கள். அதற்குள் ஒரு மருந்துக் கையேடு. எந்த நோய்க்கு என்ன, எந்த எடைக்கு எவ்வளவு, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று ருஷ்ய மொழியில் எல்லாம் இருக்கும். சிக்னல் வேண்டியதில்லை. அது ஒரு நல்ல காரியம், ஏனென்றால் எங்கள் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைப்பது இடுகாட்டுக்கு மேலே உள்ள மேட்டில் மட்டும்தான்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்த உடனே சொல்பவர்தான் வைத்தியர், கைபேசியைப் பார்த்துச் சொல்பவர் என்ன வைத்தியர் என்று பேச்சு. "என் கெடா போட்டோ அதுல இருக்கான்னு பாரு சோனுன்" என்பார்கள். "பேட்டரி செத்தா நாங்களும் சாகணுமா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். சோனுன் சிரித்துக்கொண்டே, "என் தலைக்குள்ள இருக்கிறது இருபத்துநாலு வருசத்துச் சரக்கு. நீ அவ்வளவு பழைய மாவுல ரொட்டி சுடுவியா?" என்று திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு எல்லார் முன்னாலும்தான் பார்ப்பாள்.

தோக்தோசுனின் தம்பி எசென்குல் வீடு ஆற்றோரம் கிழக்குக் கோடியில் இருந்தது. அந்த வாரம் எல்லா வீட்டு முற்றத்திலும் ஒரே வேலை. கோடை மேய்ச்சலிலிருந்து இறங்கிய ஆடுகளைக் குளிர்காலப் பட்டியில் அடைப்பதற்கு முன்னால் உண்ணிக்கும் சொறிக்கும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஒரு ஆள் நீள சிமெண்ட் குழி. ஒருவர் ஆட்டைத் தள்ள, ஒருவர் கவைக் கோலால் தலையை அமுக்கி முக்க, ஒருவர் மறுகரையில் இழுத்துவிட வேண்டும். முக்குகிறவருக்குத்தான் பாதித் தண்ணீர் மேலே தெறிக்கும்.

முற்றத்துக்குள் நுழையும்போது சோனுன் ஆடுகளைப் பார்த்தாள். பாதி மந்தை காய்ந்து நின்றது. மீதிப் பாதி நடுங்கிக்கொண்டு நின்றது, கம்பளியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குக் குளிப்பாட்டினீங்களா அண்ணே?"

"நேத்து."

"நேத்து நனைஞ்சது இந்தக் காத்துலயா சொட்டுது?"

தோக்தோசுன் குதிரையைக் கட்டப் போய்விட்டார்.

வீட்டுக்குள் ஜூனிபர் மரச் சுள்ளிப் புகை கண்ணைக் கரித்தது. பேயோட்டவும் கிருமி போகவும் எல்லா வீட்டிலும் போடுவதுதான், ஆனால் இவ்வளவு போடுவதில்லை. புகைக்கு அடியில் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல இன்னொரு வாடை இருந்தது. எசென்குல் கம்பளத்தின்மேல் ஒருக்களித்துக் கிடந்தான். முப்பத்தாறு வயது, போன வருஷ விழாவில் செத்த ஆட்டைக் குதிரைமேல் இழுத்துப்பறிக்கும் பந்தயத்தில் இரண்டு பேரைத் தனியாகச் சமாளித்தவன். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டேயிருந்தது. கண்ணீர், மூக்கு நீர், நெற்றி வியர்வை என்று அவன் உடம்பில் திறந்திருந்த எல்லாம் ஒழுகியது. மூச்சு விடும்போது தொண்டையில் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம். கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. மனைவி சைகல் தலைமாட்டில் மண்டியிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

சோனுன் நாடி பார்த்தாள். நாற்பத்தாறு. வயிற்றோட்டக்காரனுக்கு நாடி குதிரைபோல ஓடும், இப்படிக் கழுதைபோல நடக்காது. டார்ச்சை எடுத்துக் கண்ணிமையைத் தூக்கினாள். கறுப்பு மணி ஊசி குத்தின அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"இவன் என்னத்தத் தொட்டான்?"

கதவருகே வந்து நின்ற தோக்தோசுன், "கறின்னுதான் சொன்னேனே" என்றார்.

"நான் அவளைக் கேட்டேன்."

சைகல் தரையைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினோரு வருஷம். மாமனார் மாமியார் போய்ச்சேர்ந்த பிறகு தோக்தோசுன்தான் வீட்டுக்குப் பெரியவர். எங்கள் பக்கம் மருமகள் கணவனின் அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரைப் போலிருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. தோக்தோசுன் என்றால் 'நிற்கட்டும்' என்று பொருள். முன்னால் பிறந்த மூன்றும் செத்துப்போனதால் சாவு இத்தோடு நிற்கட்டும் என்று வைத்த பெயர். அதனால் சைகல் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டாள், மழை நின்றது என்று சொல்ல மாட்டாள். வண்டி 'போதும்' என்பாள், மழை 'ஓய்ந்தது' என்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு முறையும் நாக்கு தவறியதில்லை என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.

சோனுன் கைபேசியை எடுத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். தோக்தோசுன் உச்சுக்கொட்டினார். "ஆள் மூச்சு விட முடியாமக் கெடக்கான், இவ போனைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கா."

அவள் காதில் வாங்கவில்லை. விரலால் தள்ளித் தள்ளித் தேடிய பக்கம் வந்ததும் சைகலிடம் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு கண், நீல விழி, நடுவே ஊசிமுனைக் கறுப்பு.

"இதைப் பாரு. இப்ப உன் புருசன் கண்ணைப் பாரு." இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். "கெட்ட கறிக்கு இந்தக் கண்ணு வராது. கீழ எழுதியிருக்கே, நீ பத்தாவது படிச்சவதானே, வாசி."

சைகல் முதலில் வாய்க்குள் வாசித்தாள். பிறகு உதடு அசைந்தது. "எச்சில்... கண்ணீர்... வியர்வை... தசை துடிப்பு... நாடி மெதுவா..." ஒவ்வொன்றையும் வாசித்துக் கணவனைப் பார்த்தாள். 'பூச்சிமருந்து' என்ற கடைச்சொல்லை வாசித்ததும் கைபேசியைக் கீழே வைத்தாள்.

"ஆட்டு மருந்துக்கா. கால்நடை வைத்தியரு கெரிம்பாய் கொண்டாந்த நீல டிரம். லேபிளக் கிழிச்சிருந்துச்சு. கையுறை தோதா இல்லேன்னு கழட்டிப் போட்டுட்டு முக்கினாரு. குழியோரம் வழுக்கி இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டாரு."

"சைகல்!" என்றார் தோக்தோசுன்.

"எப்ப விழுந்தான்?"

"பத்து மணி இருக்கும். சட்டைய மாத்தச் சொன்னேன். இன்னும் அறுபது ஆடு இருக்கு, முடிச்சுட்டு மாத்துறேன்னாரு."

அந்த மருந்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று வசந்தத்திலேயே வட்டாரத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். விஷயம் வெளியே போனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மந்தையை ஏற்ற விடமாட்டார்கள். இது சோனுனுக்குத் தெரியும். தெரிந்த எல்லாவற்றையும் பேச நேரமில்லை.

"அண்ணே, நீங்க மேட்டுக்குப் போய் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. விஷம்னு சொல்லுங்க. இங்க விஷ முறிவுக்கு அட்ரோபின் ஊசி போடுறாங்கன்னும் சொல்லுங்க."

அவர் போனார். குதிரைக் குளம்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டு அடங்கியது.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு சோனுன் கத்தரிக்கோலை எடுத்தாள். இன்னொரு ஜோடியைச் சைகலிடம் எறிந்தாள். செம்மறித்தோல் கோட்டு, கம்பளிச் சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் உடம்போடு வைத்தே வெட்டி உரித்தார்கள். கோட்டு புதுசு, சைகல் கையால் தைத்தது. அதன் முதுகில் கத்தரி இறங்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணியை வெளியே கொண்டுபோய்க் காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்தில் போட்டாள். கெட்டிலில் டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை வாளியில் விளாவி, துணி துவைக்கும் பழுப்புச் சோப்பால் தலைமுடியிலிருந்து கால்விரல் இடுக்கு வரை இருவரும் அவனைத் தேய்த்துக் கழுவினார்கள். தன்னினைவில்லாத பெரிய உடம்பு, திருப்பவே இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஜன்னலைத் திறந்ததும் குளிரும் சுத்தக் காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன.

சோனுன் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடி ஊசியை ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டினாள். பையிலிருந்த அட்ரோபின் ஆம்ப்யூல் குப்பிகளை எண்ணினாள். பன்னிரண்டு. ஒன்றுக்கு ஒரு மில்லிகிராம்.

இங்கேதான் அவள் கை தயங்கியது. நரீனில் படித்தபோது மருந்தியல் வாத்தியார் மேஜையைத் தட்டித் தட்டி ஒப்பிக்க வைத்த வரி காதுக்குள் கேட்டது: அட்ரோபின், ஒரு வேளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று, அதற்குமேல் போனால் நீ கொலைகாரி. நாற்பது பெண்கள் ஒரே குரலில் பாடியது. இருபத்துநாலு வருஷத்தில் அவள் இரண்டு ஊசியைத் தாண்டியதில்லை.

"சைகல், என் கை சோப்பும் ரப்பருமா இருக்கு, போன் கேக்க மாட்டேங்குது. நீ வாசி. அந்தப் படத்துக்குக் கீழ 'சிகிச்சை'ன்னு இருக்கும், தட்டு."

சைகல் கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரையைத் தட்டினாள். ருஷ்ய மொழியை அவள் பள்ளிக்கூடத்தோடு விட்டது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். "முதலில் இரண்டு. ஐந்து நிமிடம் கழித்துப் பார். நெஞ்சு ஈரமாக இருந்தால் இரட்டிப்பு. மறுபடி ஐந்து நிமிடம். மறுபடி இரட்டிப்பு."

"எது வரைக்கும்?"

"நெஞ்சு உலரும் வரைன்னு போட்டிருக்கு."

"எத்தனைக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கா?"

சைகல் மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "எண்ணிக்கை ஒண்ணும் இல்லக்கா."

சோனுன் இரண்டு ஆம்ப்யூல் கழுத்தை உடைத்தாள். "பிஸ்மில்லா" என்று செலுத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தில் ஆடுகள் செருமின. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள், இரண்டு பக்கமும் களகளவென்றது. நாடி ஐம்பது.

"இப்ப நாலு."

"நாலு" என்று சைகல் திரையைப் பார்த்து ஒத்துக்கொண்டாள்.

நாலும் போனது. சோனுன் ரப்பர் குமிழால் அவன் வாயிலிருந்து நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டாள். கிண்ணம் இரண்டு தடவை நிரம்பியது. நாடி ஐம்பத்தெட்டு. நெஞ்சு இன்னும் ஈரம்.

அடுத்தது எட்டு. கையில் இருப்பது ஆறு. ஆறையும் வரிசையாக உடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது தோக்தோசுன் திரும்பி வந்தார். குளிரில் முகம் சிவந்திருந்தது.

"கணவாயில பனி தள்ளிக்கிட்டிருக்காங்களாம். ஆம்புலன்ஸ் வர மூணு மணி நேரமாகும். டாக்டரம்மாகிட்டப் பேசினேன். அட்ரோபின் ஒண்ணு போதுமாம், அதுக்கு மேல போடக் கூடாதுன்னு கண்டிசனாச் சொன்னாங்க." அவர் பார்வை உடைந்த ஆம்ப்யூல்கள்மேல் விழுந்தது. "எத்தனை போட்ட?"

"ஆறு."

"ஆறா! ஏம்மா, ஒண்ணுன்னு டாக்டர் சொல்றாங்க, நீ ஆறைப் போட்டுட்டு இன்னும் ஆறை உடைச்சு வச்சிருக்க? அவன் இதயம் வெடிச்சிரும். இத்தோட நிறுத்து."

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்கண்ணே?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்."

"விஷம்னு சொன்னீங்களா?"

தோக்தோசுன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "அங்க நாலு பேரு நின்னாங்க. பக்கத்து ஊர் ஆளுக. சத்தம் போட்டுத்தானே பேச வேண்டியிருக்கு. கறி சேரல, வயித்து வலின்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்தா அவங்களே பாத்துக்கறாங்க."

சோனுன் அவரையே பார்த்தாள். "வயித்து வலிக்கு ஒண்ணு போதும். அவங்க சொன்னது சரிதான். இவனுக்கு வயித்து வலி இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீயா படிச்ச? அந்தப் பெட்டி சொல்லுது! யாரு எழுதினதோ, எந்த ஊர்க்காரன் எழுதினதோ! என் தம்பி செத்தா அந்தப் பெட்டி வந்து தோண்டிப் புதைக்குமா? நான் பெரியவன் சொல்றேன், போதும்."

அவர் சொன்னதில் பாதியைச் சோனுனும் தனக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வாத்தியார் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், நடுவில் கையகலத் திரை. ஊசி அவள் கையிலேயே இருந்தது. எசென்குல் ஒரு மூச்சு இழுத்தான், அடுத்த மூச்சு வர நேரமாயிற்று.

"சைகல்" என்றாள். "அந்த வரிய இன்னொரு தடவை வாசி. ருஷ்யன்ல வேண்டாம். நம்ம பாசையில சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

சைகல் கைபேசியை எடுத்தாள். "நெஞ்சு உலரும் வரை அட்ரோபினை..." அதோடு நின்றுவிட்டாள். அடுத்த சொல் அவளுக்கு வராது. மூத்தாரின் பெயரில் உள்ள சொல் அது. அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அறையில் இருந்த எல்லாருக்கும் அது என்ன சொல் என்று தெரிந்தது. அவளுக்கு வேறு சொல் கிடைத்திருக்கும். பதினோரு வருஷமாகத் தேடிப் பழகியவள்தானே. அவள் தேடவில்லை.

"நிறுத்தாதே" என்றாள். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னாள். "நிறுத்தாதேன்னு எழுதியிருக்கு மாமா. நிறுத்தாதே. அவங்க போடட்டும். ஆனது ஆகட்டும், அது என் பாடு."

தோக்தோசுன் அறைபட்டதுபோல நின்றார். சோனுன் ஆறையும் செலுத்தினாள்.

ஒன்று ஐந்துக்கு நாடி அறுபத்தாறு. களகளப்பு மேல்நெஞ்சில் குறைந்திருந்தது, அடியில் அப்படியே. உதட்டு நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சோனுனுக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. மருந்து தீர்ந்துவிட்டது என்பதும் அதே நிமிஷம் வந்தது.

"அண்ணே, கெரிம்பாயைக் கூட்டிட்டு வாங்க. ஆட்டுக்குப் போடுற அட்ரோபின் வச்சிருப்பான். இருக்கிற அவ்வளவையும் அட்டைப் பெட்டியோட, உள்ள இருக்கிற காகிதத்தோட கொண்டுவரச் சொல்லுங்க."

"ஆட்டு மருந்தா?"

"ஆட்டு மருந்துலதானே விழுந்தான்."

அவர் போனார். ஓடினார் என்றே சொல்ல வேண்டும். குதிரையை அவிழ்க்காமல் தெருவில் ஓடியதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள்.

கால்நடை வைத்தியன் கெரிம்பாய் பத்து நிமிஷத்தில் ஜீப்பில் வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, டிரம் விசயத்துல என் பேரு..." என்று ஆரம்பித்தான்.

"பாட்டிலைக் குடு."

கண்ணாடிப் பாட்டில், முக்கால் வாசி இருந்தது. சோனுன் லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஒரு சதவீதம்னு போட்டிருக்கு. என் ஆம்ப்யூல்ல இருக்கிறது அதுல பத்துல ஒரு பங்கு. அப்ப இது பத்து மடங்கு. சரியா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"ஆடுன்னா நான் ஒரு குத்துமதிப்பா இழுத்துக் குத்துறதுதான்க்கா..."

சோனுன் கைபேசியில் தேடச் சொன்னாள். சைகல் தேடினாள். ஆட்டு மருந்தை மனிதனுக்குப் போடலாமா என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "இதுல இல்லக்கா" என்றாள், பயந்துபோய். இத்தனை நேரம் வழிகாட்டிய ஆள் பாதி மலையில் கழன்றுகொண்டதுபோல இருந்தது அவளுக்கு.

சோனுன் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தை விரித்தாள். எண்ணெய் பட்டு மடிப்பில் கிழிந்திருந்தது. ஊசி போடத் தக்க சுத்தமான நீர், அட்ரோபின் சல்பேட், ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம், வேறு கலப்பு இல்லை. இரண்டு தடவை தான் வாசித்தாள், மூன்றாவது தடவை சைகலை வாசிக்கச் சொன்னாள், கெரிம்பாயையும் வாசிக்க வைத்தாள். மூன்று பேரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்.

"ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லி உப்புநீர்ல கலக்கறேன். அப்ப என் ஆம்ப்யூல் பலத்துக்கு வந்துரும். நான் தப்பாக் கலந்தா சொல்லுங்க. கண்ணை எடுக்காதீங்க."

இரண்டு பேரும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கலந்தாள். இது கையேட்டிலும் இல்லை, வாத்தியார் பாட்டிலும் இல்லை. தப்பானால் வேலை போகும். வேலை போவது ஒன்றும் பெரிதில்லை. பத்து மில்லியையும் மெதுவாக, நாடியில் விரல் வைத்துக்கொண்டே செலுத்தினாள். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு பத்து.

ஒன்று நாற்பத்தைந்துக்கு ஸ்டெதாஸ்கோப்பில் காற்று மட்டும் கேட்டது. அடியில், மேலே, முதுகில், எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தாள். நாடி தொண்ணூற்றாறு. எச்சில் நின்றிருந்தது, உதடு காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. சைகல் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். சோனுன் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் எசென்குல் முகம் சிவந்து உளற ஆரம்பித்தான். போர்வையில் இல்லாத உண்ணியைப் பொறுக்கினான். "அந்தக் கொம்பில்லாதது எங்க, அதைப் பிடிங்கடா" என்று அண்ணனை அதட்டினான். தோக்தோசுன் மிரண்டுபோய்ச் சோனுனைப் பார்த்தார்.

"மருந்து நெறஞ்சதோட அடையாளம். வாசிச்சுக் காட்டு சைகல்."

சைகல் வாசித்துக் காட்டினாள். இந்த முறை அவர் அருகே வந்து, குனிந்து, திரையைப் பார்த்தார். "இப்ப என்ன செய்யணும்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் விட்டுட்டு, மணிக்கு ஒரு தடவை கொஞ்சங் கொஞ்சமா. பக்கத்துலயே இருக்கணும்" என்றாள் சைகல்.

"அந்தக் கொம்பில்லாததை நான் புடிச்சுட்டேன்டா, படு" என்றார் தம்பியிடம். போர்வையை இழுத்து விட்டார்.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் சோனுன் கெரிம்பாயிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தாள். டிரம்மிலிருந்து இன்னும் மூன்று வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தான். அவனையே ஜீப்பில் அனுப்பினாள். இரண்டு வீட்டில் குழியில் கலந்துவிட்டிருந்தார்கள், ஆடு இறங்கவில்லை. மூன்றாவது வீட்டில் முக்கி முடித்து, அந்த வீட்டுக்காரர் தலைவலி என்று படுத்திருந்தார். அவரைக் கழுவி அதே ஆம்புலன்ஸில் உட்கார வைத்து அனுப்பினார்கள். சந்தைக்கு நாலு வீட்டு மந்தையும் போகவில்லை.

எசென்குல் பதினாலாம் நாள் வீடு வந்தான். பத்து கிலோ இறங்கியிருந்தான், அந்த நாளைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. முதலில் கேட்டது புதுக் கோட்டை யார் வெட்டினது என்பதைத்தான். "நான்தான்" என்றாள் சைகல்.

வட்டாரத்திலிருந்து சோனுனுக்குக் கடிதம் வந்தது. கால்நடை மருந்தை நோயாளிக்குச் செலுத்தியது எப்படி, டாக்டர் சொன்ன அளவை மீறியது ஏன் என்று எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அவள் மூன்று நாள் எழுதினாள். நேரம், அளவு, நாடி எல்லாம் வரிசையாக எழுதினாள். பாட்டிலையும் மறைக்கவில்லை, டிரம்மையும் மறைக்கவில்லை. கெரிம்பாய் வந்து தன் பெயரை விட்டுவிடச் சொல்லி அரைநாள் உட்கார்ந்திருந்தான். டீ கொடுத்து அனுப்பினாள்.

நாலாம் நாள் காலையில் தோக்தோசுன் வந்தார். பின்னால் சைகல், கையில் துணி சுற்றிய ரொட்டியோடு. அவர் தொப்பியைக் கழற்றாமல் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"நான் டாக்டர்கிட்டப் பொய் சொன்னதை?"

"நீங்க டாக்டர்கிட்டப் பேசுனத என் காதால நான் கேக்கலியே அண்ணே. நான் வீட்டுக்குள்ள இருந்தேன். நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும்."

"ஒரு தாளக் குடு."

சோனுன் தாளும் பேனாவும் கொடுத்தாள். அவர் ரொம்ப நேரம் எழுதினார். எழுதியதும் தாளை அவளிடம் நீட்டவில்லை, பக்கத்தில் நின்ற சைகலிடம் நீட்டினார்.

"நீதான் வாசிக்கிறவளாச்சே. வாசி."

சைகல் வாசித்தாள். "வயித்து வலி என்று டாக்டரிடம் சொன்னது நான். விஷம் என்று எனக்குத் தெரியும். சந்தையை நினைத்து மறைத்தேன். என் தம்பி மனைவி சமைத்த கறி கெட்டது என்று இரண்டு பேரிடம் சொன்னேன். கறியில் ஒரு குறையும் இல்லை." கீழே அவர் பெயர் இருந்தது. அதையும் அவள் சத்தமாகவே வாசித்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. ஒரே உறையில் இரண்டு தாள். முதலாவது, விதிக்குப் புறம்பாகக் கால்நடை மருந்தைப் பயன்படுத்தியதற்காக ஃபெல்ட்ஷருக்குக் கண்டிப்பு, பணிப்பதிவேட்டில் சேர்க்கப்படும். இரண்டாவது, வட்டாரத்தின் எல்லா மலைக் கிராம வைத்தியசாலைகளிலும் இனி அட்ரோபின் இருப்பு ஐம்பது ஆம்ப்யூலுக்குக் குறையக் கூடாது. இத்துடன் முதல் பெட்டி அனுப்பப்படுகிறது, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிடவும்.

தபால்காரன் பனியில் கால் மாற்றிக்கொண்டு நின்றான். சோனுன் பெட்டியைப் பிரித்து, ஐம்பதையும் வெளிச்சத்தில் தூக்கி விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.